உலரக் கூடாத விதை

ஸ்ரீஜா இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. நேற்று சாயங்காலமே இறங்கியிருக்க வேண்டியவள். மேலே சிக்னல் கிடையாது, அடிவாரத்துக்கு வந்தால்தான் போன் பேசும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததா? என் சர்வீஸ் முழுக்க ஏறி இறங்கிய மலை அது. ஆனாலும் போனை எடுக்கிறேன், பார்க்கிறேன், வைக்கிறேன், மறுபடி எடுக்கிறேன். "எட்டி பகவதி, அதை இப்படித் தடவித் தடவிப் பாத்தா மட்டும் மணி அடிக்குமா?" என்கிறாள் மைனி. என் அண்ணன் மனைவி. திருவனந்தபுரத்தில், ஆரியசாலையில் எங்கள் நாட்டுமருந்துக் கடைக்கு மேல்மாடியில் இப்போது நாங்கள் இரண்டு பேரும்தான்.

பேட்டைப் பக்கம் இருக்கிற ஒரு தாவர ஆராய்ச்சி நிலையத்தில், நாற்றங்காலில் நான் வேலை பார்த்தேன். பேர் எதற்கு, விடுங்கள். இப்போது அங்கே பொறுப்பில் இருப்பவள் ஸ்ரீஜா. கொஞ்ச நாளாகவே நச்சரித்துக்கொண்டிருந்தாள். "சேச்சி, புதுசா வந்த பிள்ளைங்களுக்கு எல்லாம் கண்ணாடிக் குப்பியிலதான் செடி வளரும்னு நினைப்பு. நம்ம நரம்பலி எப்படி வந்ததுன்னு நீங்க எழுதித் தரணும், கேட்டோ." நான் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். எழுதுவது நமக்குச் சொன்னதா?

போன வாரம் அவளிடமிருந்து வேறு செய்தி வந்தது. மலையில் நாங்கள் நட்ட நரம்பலியில் ஒன்றின் கிளை நுனியில் என்னவோ முளைத்திருக்கிறது என்று காவல்காரர் சொன்னாராம். ஆண் மரத்துக்கு வருகிறதா, பெண் மரத்துக்கு வருகிறதா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "பேடிக்க வேண்டாம் சேச்சி, நானே போய்ப் பார்த்துட்டுப் படம் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனவள்தான். பயப்பட வேண்டாமாம்! சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது, பேனாவை எடுத்தேன்.

நரம்பலி என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் நிரம்பாலி என்பார்கள். பைன் மரம், தேவதாரு இதுகளுக்கெல்லாம் சொந்தக்கார மரம். தெற்கத்தி மலைகளில் தானாகவே வளருகிற அந்த ஜாதி மரம் இது ஒன்றுதான். உலகத்தில் பூ என்று ஒன்று வருவதற்கு முன்பே இருந்த கூட்டம், அதில் மிச்சம் மீதி. இதற்குப் பூ கிடையாது. இலையில் நடு நரம்பு கிடையாது. ஆண் தனி மரம், பெண் தனி மரம். ஆண் மரத்தில் சின்ன விரல் விரலாகத் தொங்கும், அதில்தான் மகரந்தம். பெண் மரத்தில் காம்பு நுனியில் ஒரு பச்சை மணி வரும், அது பழுத்து நாவல்பழ நிறத்துக்கு மாறும். அந்த நாள் வரும் வரைக்கும் எது ஆண், எது பெண் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த நாள் வர ஒரு ஆயுசே ஆகும்.

இதை நினைத்தே என் தலை நரைத்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடையில் அப்பாவுக்குக் கூடமாட உதவி செய்து வேர், பட்டை, கொட்டை எல்லாம் பழகியவள். தாவரவியல் படித்தேன், நாற்றங்காலில் வேலை கிடைத்தது. முதல் சில வருஷங்கள் மண் சலித்தேன், பை நிரப்பினேன், அட்டைக்கடி வாங்கினேன். அவ்வளவுதான்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. மலையில் ஒரு சரிவு தீப்பிடித்து அழிந்துபோயிருந்தது. அங்கே நரம்பலியை மறுபடி கொண்டுவர வேண்டும். விதை கிடைப்பதாக இல்லை. சரி, கிளையை வெட்டி வேர்விட வைப்போம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பாதையோரத்தில் ஒரு மரம், கை நீட்டினால் கிளை. அதிலேயே எல்லாக் குச்சியையும் வெட்டினார்கள். குச்சி வேர்விட மாட்டேன் என்று அடம்பிடித்தது. பனிமூட்ட அறை கட்டி, மருந்து தொட்டு, என்னென்னவோ செய்தோம். கடைசியில் வேர் விட்டது. லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். கன்றுகளை அந்தச் சரிவில் நட்டோம், நன்றாகவே வளர்ந்தன. வருகிறவர் போகிறவரெல்லாம் படம் எடுத்துக்கொண்டார்கள்.

முற்றிய மரத்தின் குச்சி சீக்கிரம் காய்ப்புக்கு வந்துவிடும். அதுவும் வந்தது. விரல் விரலாகத் தொங்கியது, ஒவ்வொன்றிலும், அத்தனையிலும். ஒரு மரத்தில் வெட்டிய குச்சி அந்த மரமாகத்தானே வரும்? இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வெட்டுகிற அன்றைக்கு மரத்தை அண்ணாந்து பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வேர் விடுமா, வேர் விடுமா என்று எல்லார் கண்ணும் அடியிலேயே இருந்தது.

அந்த நேரத்தில்தான் லலிதா மேடம் எங்களுக்குத் தலைவராக வந்தார். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். ஆபீசில் எல்லாரிடமும் மலையாளமும் இங்கிலீஷும், என்னிடம் மட்டும் அவர் வீட்டுத் தமிழ். முதல் தடவை சரிவுக்கு வந்து மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசி மரத்தடியில் நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேஷ். அத்தனையும் மாப்பிள்ளை. பொண்ணு எங்கேடி?" என்று என்னைக் கேட்டார், ஏதோ நான் ஒளித்துவைத்த மாதிரி.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று மைனி சொல்வாள். மேடத்துக்கு முன்னால் நான் வீராங்கனை. ஒரு கேள்வியை ஒரு தடவை கேட்டு அவருக்குப் பழக்கமே கிடையாது. "தண்ணி விட்டாச்சோ?" என்பார். விட்டாச்சு என்றால், இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "விட்டாச்சோல்லியோ?" என்பார். விதைப் பையைப் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி. உள்ளங்கை பொய் சொல்லும், புறங்கை சொல்லாது என்பார். முளைக்காத விதையைச் செத்துப்போச்சு என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். "செத்துதுன்னு சொல்லாதே. எழுந்துக்கலேன்னு சொல்லு" என்பார். பெரிய படிப்புப் படித்தவர்தான், ஆனால் விதை ஊன்றுகிற அன்று காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வேலைக்கு வரமாட்டார். யாராவது சிரித்தால், "உங்க சயன்ஸ் கீழே விழுந்தா நான் பிடிச்சுக்கறேன், பேசாம இருங்கோ" என்பார்.

பெண்ணைத் தேடி அந்த மலையில் நாங்கள் அலைந்த அலைச்சல்! கடைசியில் பாறை விளிம்பில் ஒரே ஒரு மரம். எங்களோடு மரம் ஏற வருகிற மாதன் காணி மேலே போய்க் கிளையோடு ஒரு காயைக் கொண்டுவந்தார். மேடம் அதைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். அந்த மரத்திலிருந்து குச்சி எடுத்துப் பார்த்தோம், அழுகிற்று. விதை சேகரித்தோம், தண்ணீரில் போட்டோம், எல்லாம் மிதந்தது. மிதந்தால் உள்ளே பருப்பு இல்லை, வெறும் பதர். பாதையோரத்து ஆண் மரம் மலைக்கு அந்தப் பக்கம், அதன் மகரந்தம் இங்கே வந்து சேரவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் வாளித் தண்ணீரில் விதையைக் கொட்டிவிட்டு நானும் மேடமும் குனிந்து பார்ப்போம். ஒவ்வொரு வருஷமும் மிதக்கும். மேடம் நிமிர்ந்து, "அடுத்த வருஷம்" என்பார்.

ஒரு வருஷம் மாதன் காணி முன்கூட்டியே கொஞ்சம் விதை கொண்டுவந்தார். வாளியில் போட்டேன். நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"கையை விட்டு அமுக்கினியோ?" என்றார் மேடம்.

"நான் தொடவே இல்லை மேடம்!"

அப்புறம்தான் புரிந்தது. நாங்கள் நட்ட அந்தத் தடியன்கள் இருக்கிறார்களே, எதற்கும் உதவாதவர்கள் என்று எத்தனையோ நாள் நாங்கள் ஏசிய மாப்பிள்ளைகள், அவர்கள் இப்போது நெடுநெடுவென்று உயர்ந்து, காற்றில் அனுப்பிய மகரந்தம் பாறை விளிம்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. லட்டு தின்றது வீண் போகவில்லை. மேடம் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்த கையோடு பயமும் வந்துவிட்டது. மரத்திலிருப்பது பழுக்க வேண்டும், வௌவாலுக்கும் குரங்குக்கும் முந்தி நாம் எடுக்க வேண்டும், காயாமல் கொண்டுவர வேண்டும். இந்த விதை உலர்ந்தால் போச்சு. நெல்லு மாதிரி, தேக்கு மாதிரி வெயிலில் போட்டு எடுத்து வைக்கிற ஜாதி இல்லை இது. ஈரத்திலேயே இருக்க வேண்டும், ஆனால் சூடு ஏறக்கூடாது, சூடேறினால் வெந்துவிடும்.

மேடத்துக்கு அப்போது முழங்கால் வீங்கியிருந்தது, ஏற முடியாது. நான்தான் போனேன். புறப்படுகிற அன்று என்னை நிற்கவைத்துச் சொன்னார்: "பாசியை நனைச்சுப் பிழிஞ்சுடு. சொட்டப்படாது. ஒரு வரிசை பாசி, ஒரு வரிசை விதை. துணிப்பை, வாயைக் கட்டாதே, மூச்சு விடணும். பையைக் கூடைக்குள்ளே வை. ஜீப்ல இஞ்சின் பக்கம் வைக்காதே. அப்பப்போ புறங்கையால தொட்டுப் பாரு." கிளம்பிக் கேட் வரைக்கும் போனவளைக் கூப்பிட்டு, "இஞ்சின் பக்கம் வைக்காதே, கேட்டியா?" என்றார்.

எல்லாம் சொன்னபடி செய்தேன். மாதன் காணி ஏறி இறக்கினார், நான் பாசியில் அடுக்கினேன். மறுநாள் இறங்குவதாக ஏற்பாடு. இறங்குகிற வழியில், ஓடைக்குப் பக்கத்தில், குட்டியோடு ஆனைக் கூட்டம். நகர்வேனா என்று நின்றுவிட்டது. குட்டி இருக்கும்போது யார் கிட்டே போவது? ஒரு நாள் முழுக்க முகாமிலேயே கூடையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். ஆனை போன பிறகு இறங்கி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோது டிரைவர் சுகுமாரன் சேட்டன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பகவதி, இன்னு பொங்காலையா."

இன்றைக்கா! ஆற்றுகால் அம்மன் பொங்காலை! திருவனந்தபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு ஊரே அடுப்பு. கோயிலிலிருந்து எல்லாத் திசையிலும், ரோடு, சந்து, பஸ் ஸ்டாண்டு, ஒரு இடம் விடாமல் பெண்கள் மூன்று செங்கல் வைத்துப் பானை ஏற்றிப் பொங்குவார்கள். வண்டி ஒன்றும் நகராது. எங்கள் நாற்றங்காலோ ஊருக்கு அந்தப் பக்கம்.

காட்டாக்கடை வந்ததும் போன் அடிக்க ஆரம்பித்தது. "எங்கே இருக்கே? தொட்டுப் பாத்தியோ?" பார்த்தேன் மேடம், குளிர்ச்சியாக இருக்கிறது. "திரும்பத் தொட்டுப் பாரு." கரமனை வந்தபோது போலீஸ் மறித்தது. சுகுமாரன் சேட்டன் இறங்கிக் கெஞ்சிப் பார்த்தார், திரும்பி வந்தார். "இனி வண்டி போகில்லா. நடந்தோ."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். காட்டுச் சேறு, அட்டை கடித்த ரத்தம், வாராத தலை. இரண்டு பக்கமும் குளித்து, கோடி முண்டு உடுத்து, விரதமிருக்கிற பெண்கள். "ஏ கொச்சே, குளிக்காதையா இதிலே நடக்குன்னே?" என்று ஒருத்தி அதட்டினாள். அம்மா, தாயே, வழி விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே அடுப்புக்கும் அடுப்புக்கும் நடுவில் காலை வைத்து வைத்து நடந்தேன். இன்னும் தீ வைக்கவில்லை, அதற்குள் தாண்டிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் ஆரியசாலைச் சந்து திரும்புகிறேன், கோயில் பக்கம் வெடி முழங்கிற்று. கோயிலின் தலையடுப்பான பண்டார அடுப்பில் தீ வைத்தாயிற்று. குரவைச் சத்தம் தெருத்தெருவாக வந்தது, அதன் பின்னாலேயே தீயும் வந்தது. ஒரு அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்கு, தென்னம்பாளை பற்றி எரிய, கண் மூடித் திறப்பதற்குள் சந்து முழுக்கப் புகை, அனல். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்று சொல்வார்களே, எனக்கு அன்று சுற்றிலும் நெருப்பு, மடியில் அது தாங்காத உயிர்.

"எட்டி பகவதி! இதென்னடி கோலம்?" மைனி குரல். எங்கள் கடை வாசலில் அவள் பானை. அடுப்பை விட்டு எழுந்திருக்கக் கூடாது, உட்கார்ந்தபடியே கத்தினாள். "கூடையை உள்ளே கொண்டு வையி. தரை குளுந்து கெடக்கு. தீ அணஞ்ச பெறவு போலாம்."

உள்ளே அண்ணன் இருந்தான். அன்றைக்கு ஆண்களுக்கு வேலை ஏது? கல்லாவில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான். என் அண்ணனைப் போல சாதுவான மனுஷனைப் பார்க்க முடியாது. ஒரு ஈயை விரட்டினாலும், போயேன் என்று சொல்லித்தான் விரட்டுவான். கூடையைக் கல் தரையில் வைத்தேன். "என்னம்மா அது?" என்றான். "மலையிலேர்ந்து விதை அண்ணா" என்றேன். அதற்குள் போன். கடைக்குள் பேச்சு விட்டுவிட்டு வந்தது. வாசலுக்கு வந்தேன், கேட்கவில்லை. புகையில் இருமிக்கொண்டே சந்து முனைக்குப் போனேன். மேடம் இருந்த பதற்றத்தில் ஒன்றையே நாலு தடவை சொன்னார்: வெளியே கொண்டுவராதே, அங்கேயே இரு, பையைத் திறந்து வை. சரி மேடம், சரி மேடம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

வந்து பார்த்தால் என் உயிர் போய்விட்டது.

அண்ணன் இரண்டு முறத்தில் விதையைப் பரப்பியிருந்தான். ஒன்றின்மேல் ஒன்று படாமல், அழகாக, தள்ளித் தள்ளி. பாசியை ஒரு மூலையில் குப்பையாகக் குவித்திருந்தான். மேஜை விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "ஈரத்தோட கட்டி வச்சிருக்கியேம்மா, பூஞ்சை பிடிச்சிரும்லா? நல்ல வேளை நான் பாத்தேன்."

அவனை என்ன குற்றம் சொல்ல? ஜாதிக்காயா, கடுக்காயா, தான்றிக்காயா, எது வந்தாலும் ஈரம் போக உலர்த்து, அப்புறம் உள்ளே எடு. எங்கள் தாத்தா, அப்பா, அண்ணன், மூன்று தலைமுறைக்கும் சோறு போட்டது அந்த ஒரு பாடம்தான். எனக்கும் அதுதான் முதல் பாடம். அந்தக் கடையில் ஈரமாக ஒன்றை வைத்துவிட்டுப் போனால் வேறு என்ன நடக்கும்?

ஆனால் அன்றைக்கு இதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. போட்ட சத்தத்தில், எழுந்திருக்கக் கூடாத மைனி அகப்பையோடு எழுந்து உள்ளே ஓடிவந்துவிட்டாள். "கொன்னுட்டியே அண்ணா, கொன்னுட்டியே" என்று அழுதேன். செத்துதுன்னு சொல்லாதே என்று ஒருவர் சொல்லிச் சொல்லி வளர்த்தது எல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போயிற்றோ. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. விசிறியை நிறுத்தினான். தானே உட்கார்ந்து, குடிதண்ணீரில் பாசியை நனைத்துப் பிழிந்து பிழிந்து என் கையில் தந்தான். இரண்டு பேரும் திரும்ப அடுக்கினோம். விதையின் மேல் இயற்கையாகவே படிந்திருக்கிற வெள்ளைப் பூச்சு அங்கங்கே மங்கியிருந்தது. தொட்டால் காய்ந்த மாதிரியும் இருந்தது, காயாத மாதிரியும் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் பூசாரிகள் வந்து தீர்த்தம் தெளித்துப் போக, அடுப்புகள் அணைந்தன. "நீ விடு, நான் கொண்டு வாறேன்" என்று அண்ணன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டான். அதன் மேல் ஈரத் துண்டு. நான் குடை பிடித்தேன். பழவங்காடி தாண்டி, கிழக்கேகோட்டை தாண்டி, தெருவெல்லாம் சூட்டுச் செங்கல், அதன் நடுவில் அவன் பேட்டை வரைக்கும் நடந்தான். மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். கூடை இறங்கியதும் புறங்கையை வைத்தார். நடந்ததை நான் சொன்னேன். மேடம் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். அவன் போன பிறகு என்னிடம், "கெட்டவாளை அடையாளம் தெரியும்டி. நல்லவாளுக்குத்தான் பயப்படணும்" என்றார்.

விதையை ஊன்றினோம். அதற்கப்புறம் ஒரு மாதமா, இரண்டு மாதமா, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. விரல் துறுதுறு என்று வரும், ஒன்றைத் தோண்டிப் பார்ப்போமா என்று. மேடம் பின்னாலேயே நிற்பார். "வயத்துல இருக்கறதைத் தோண்டிப் பாப்பியோ? கையை எடு." நான் போன பிறகு அவரே குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார், அதுவும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தால் அண்ணன். கடையைப் பூட்டிவிட்டு மாடியேறி வந்ததும், சோற்றுக்கு உட்காருவதற்கு முன்னால், "முளைச்சுதா?" என்பான். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள், "உன் விசிறியைப் போய்க் கேளு" என்று சொல்லிவிட்டேன். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

ஒரு காலையில் மண் விரிசல் விட்டிருந்தது. பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. எல்லாம் எழுந்திருக்கவில்லை. பாதிக்கு மேல் மண்ணிலேயே போயிற்று. அது விசிறியாலா, ஆனையாலா, அதன் விதியாலா, யாருக்குத் தெரியும்? ஆனால் எழுந்தவை எழுந்தன. அன்று சாயங்காலம் நேராகக் கடைக்குப் போய், ஆள் இருக்கிறது என்றும் பாராமல், "முளைச்சிருச்சு அண்ணா" என்றேன். எடை போட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அந்த மழைக்காலத்தில் மாதன் காணி இறங்கி வந்தார். பாறை விளிம்பு மரம் காற்றில் சாய்ந்துவிட்டது, வேரோடு பள்ளத்தில் கிடக்கிறது என்றார். மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாற்றங்காலில் இலை விட்டுக்கொண்டிருந்த அந்தக் கொஞ்சம் பிள்ளைகளைத் தவிர இனி அந்தத் தாய் எங்கேயும் கிடையாது. அதில் பெண் உண்டா? ஒன்றாவது உண்டா? எல்லாம் அப்பனைக் கொண்டு தடியன்களாகவே வந்துவிட்டால்? கன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நெட்டையாக, திடமாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு நோஞ்சானைக் கழித்துவிடுவது எங்கள் வழக்கம். மேடம் விடவில்லை. "எந்த நோஞ்சான் பொண்ணோ, யார் கண்டா? ஒண்ணையும் கழிக்கப்படாது." அத்தனையையும் மலைக்குக் கொண்டுபோய் அந்தச் சரிவிலேயே நட்டோம். காட்டுமாடு மிதிக்கும் என்று வேலி போட்டோம். ஆனை வேலியைப் பிடுங்கும், மறுபடி போடுவோம். கோடையில் தீ வந்துவிடுமோ என்று மலைப் பக்கம் புகையைத் தேடுவேன். மேடம் ரிட்டயர் ஆனார், பிறகு நானும் ஆனேன். மரம் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோதும் கேட்டான். "உன் மரம் என்ன பிள்ளைன்னு சொல்லிச்சா?" இன்னும் இல்லை அண்ணா என்றேன். "நான் காயப்போட்டதுல பொண்ணா இருந்தது போயிருக்குமோ?" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

ஸ்ரீஜாதான். அடிவாரத்தில் இருக்கிறாளாம். ஓடையில் தண்ணீர் ஏறி ஒரு நாள் நிற்க வேண்டியதாயிற்றாம். "படம் போட்டிருக்கேன் சேச்சி, நோக்குங்க. எனக்குத் தோணுறது ஒண்ணு, நான் சொல்லமாட்டேன், நீங்க சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். படம் வந்தது, திறக்க மாட்டேன் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. மைனி என் தோளுக்கு மேல் குனிந்து நின்றாள்.

திறந்தது. இலைக்கு நடுவில் ஒரு காம்பு. காம்பு நுனியில் ஒரே ஒரு பச்சை மணி.

"என்னட்டி? சொல்லேன். ஆணா, பொண்ணா?" என்றாள் மைனி.

"பொண்ணு மைனி."

அவள் போனை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். "உங்க அண்ணன் முறத்துல போட்டாரே, அந்த விதையா?" என்றாள். ஆமாம் என்றேன். சுவரில் அண்ணன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "கேட்டேளா? பொண்ணாம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். எனக்கும் அழுகை வந்தது, அழுதேன், அதில் என்ன வெட்கம்?

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மேடம் வீட்டுக்கு நடந்தேன். போகிற வழியில் பழவங்காடியில் ஒரு தேங்காய் உடைத்தேன். அக்ரஹாரத் தெருவில் அதே வீட்டில்தான் மேடம் இருக்கிறார், முழங்கால் இப்போது சுத்தமாக மடங்குவதில்லை. போனை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதலில் அதைப் புறங்கையால் தொட்டார்.

"போன் சூடா இருக்கே" என்றார்.

"அது போன் மேடம். படத்தைப் பாருங்க."

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பேஷ் என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். "பகவதி, பக்கத்துல யாருடி இருக்கா? அந்தத் தடியன்கள்தானே? இவளுக்கு அப்பன் அவாதானேடி. அது ஆகாதே. வேற மலையிலேருந்துன்னா இவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும்!"

"பாக்கலாம் மேடம். ஸ்ரீஜாகிட்ட சொல்றேன்."

"இத்தனை நாளா இல்லையேன்னு பயந்தேன். இப்போ இருக்கேன்னு பயமா இருக்கு." இதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. அவர் கை சில்லென்று இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து ஸ்ரீஜாவுக்குச் செய்தி அனுப்பினேன். பெண்தான் என்று முதலில் போட்டேன். மேடம் சொல்லச் சொல்ல மற்றதையும் போட்டேன்: மணி பழுக்கும் வரை வலை கட்டு, பாசியை நனைத்துப் பிழிந்துவிடு, பையின் வாயைக் கட்டாதே, இஞ்சின் பக்கம் வைக்காதே, யார் கையிலும் கொடுத்துவிட்டு நகராதே. அனுப்பி முடித்து வாசல்படி இறங்கியவளை மேடம் உள்ளிருந்து கூப்பிட்டார். திரும்பிப் போய்க் கேட்டு, நின்றபடியே இன்னொரு வரியும் தட்டினேன்: பொங்காலை என்றைக்கு என்று பார்த்துவிட்டு மலையேறு.